கைக்குட்டை எடுத்தால் அடுத்த நம்பர்

இன்பசேகரன் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். மதுரையில் கிராம வளர்ச்சிக்காக நடக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் பயிற்சியாளர். கொட்டாம்பட்டி முதல் டி. கல்லுப்பட்டி வரை வேலை பார்க்கிற களப்பணியாளர்கள் அத்தனை பேரும் அவருடைய பயிற்சியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

காலை பத்து மணிக்கு, "ரெண்டாயிரத்து மூணாம் வருஷம் ஒரு ஓட்டைச் சைக்கிள எடுத்துக்கிட்டு இந்தத் துறைக்குள்ள வந்தேன்" என்று ஆரம்பிப்பார். சைக்கிள் மேலூரைத் தாண்டும்போது டீ வரும். பஞ்சர் ஆகும்போது சாப்பாடு வரும். சாயங்காலம் சைக்கிள் ஊர் திரும்பும், பங்கேற்பாளர்களும் பையும் பேனாவும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். எல்லோருக்கும் திருப்தி.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தார். அவருடைய மனைவி ஹெப்சிபா மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவர்கள் குடியிருக்கும் ஞானஒளிவுபுரத்தில் டீச்சரை யாரும் இன்பசேகரன் மனைவி என்று சொல்வதில்லை. இவரைத்தான் டீச்சர் வீட்டுக்காரர் என்பார்கள். டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க, செருப்போட வந்துட்டீங்க?"

"வேலை போகப்போகுது ஹெப்சி."

"செருப்பக் கழட்டிட்டுச் சொல்லுங்க."

கழற்றிவிட்டுச் சொன்னார். நிறுவனத்தின் இயக்குநர் மெர்வின், வயதில் இவருக்குத் தம்பி மாதிரி, இன்றைக்கு இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கட்டுக் காகிதத்தைக் காட்டியிருக்கிறார். போன பயிற்சியில் இருபத்து நான்கு பேர் எழுதிக் கொடுத்த கருத்துப் படிவங்கள். 'பயிற்சியில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?' என்ற கேள்விக்குப் பத்தொன்பது பேர் 'மதியச் சாப்பாடு' என்று எழுதியிருந்தார்கள்.

"மிச்சம் அஞ்சு பேரு?" என்றார் டீச்சர்.

"டீ."

டீச்சர் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தார். சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவது மூன்றாம் வகுப்பு டீச்சர்களுக்குப் பழகிப்போன வேலை.

"நிதி குடுக்கிற ஆபீஸ்ல இருந்து சென்னை மேடம் ஒருத்தங்க, ஜெனிஷாவாம், சனிக்கிழமை நம்ம ட்ரெய்னிங்கப் பாக்க வாராங்க. இனிமே லெக்சர் கூடாதாம். எல்லாம் இன்டராக்டிவா இருக்கணுமாம். களப்பணியாளருங்க ஒருத்தருகிட்ட இருந்து ஒருத்தரு கத்துக்கணுமாம். இல்லைனா வெளிய இருந்து ஆளக் கூப்பிட்டுக்குவாங்களாம், நான் ஸ்டோர் ரூமப் பாத்துக்கணுமாம். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா எண்ணி வைக்கிற வேலை."

"அவங்கவங்களே பேசிக் கத்துக்கிறது நல்லதுதானே?"

"அப்புறம் நான் எதுக்கு?"

"அதத்தான் சென்னை மேடமும் கேக்குறாங்க போல."

இன்பசேகரனுக்கு வியர்த்தது. அவருக்குப் பயம் வந்தால் முதலில் பின்கழுத்து நனையும், பிறகு நெற்றி, பிறகு சட்டை.

டீச்சருக்குப் பாவமாக இருந்தது. "இங்க பாருங்க. எங்கிட்ட முப்பத்தஞ்சு புள்ளைக. வட்டமா உக்காரும், கார்டு எடுக்கும், தெரியாதத பக்கத்துப் புள்ளகிட்டக் கேட்டுக்கும். நான் வாயத் தொறக்கிறது அட்டெண்டன்ஸுக்கு மட்டுந்தான்."

"அது மூணாங்கிளாஸ் ஹெப்சி. இது களப்பணியாளர்."

"ஏன், கூடக் கொஞ்சம் படிச்சுட்டா பேச்சு வராதா? செஞ்சு சொதப்புன வேலை ஒண்ணச் சொல்லச் சொல்லுங்க. அடுத்தவுக கேள்வி கேக்கட்டும். நீங்க வாய மூடிக்கிட்டு உக்காருங்க."

"வாய மூடிக்கிட்டா? நானா?"

"ஒரு நாளைக்கு."

"நான் கேட்டு, யாரும் பேசலைனா? அப்படியே இருபத்து நாலு பேரும் என்னப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா?"

உண்மையில் அதுதான் விஷயம். இருபத்திரண்டு வருஷமாக அவர் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டியது பேச்சு ஆசையால் மட்டும் இல்லை. நிறுத்தினால் வரும் அமைதிக்கு அவர் பயந்தார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, டீச்சரிடம்கூட. டீச்சருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் வேறு ஆளாக வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார்.

"திட்டம் ரெடி ஹெப்சி. இருபத்து நாலு சீட்டு. ஒத்தப்படை நம்பருக்கெல்லாம் கேள்வி, ரெட்டப்படைக்கெல்லாம் பதில். ஒண்ணாம் நம்பரு கேக்கும், ரெண்டாம் நம்பரு சொல்லும். நான் கைக்குட்டைய எடுத்துத் தொடச்சா அடுத்த நம்பரு எந்திரிக்கணும். பாக்கிறவங்களுக்கு அவங்களாப் பேசிக் கத்துக்கிற மாதிரியே இருக்கும்."

"அப்ப எல்லாம் நீங்களே எழுதிக் குடுத்துடுவீங்க."

"ஆமா."

"இது ஏமாத்து இல்லையா?"

"ஏற்பாடு."

"முன்னாடியே படிச்சு மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சாங்கன்னா அந்த மேடத்துக்குத் தெரியாதா? அவங்க இந்த மாதிரி எம்புட்டு ட்ரெய்னிங் பாத்திருப்பாங்க!"

"அதுக்குத்தான் சீட்ட மடிச்சு ஸ்டேப்ளர் பின் அடிச்சுக் குடுக்கப் போறேன். அவங்கவங்க முறை வாரப்பத்தான் பிரிக்கணும். யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. என் மூளை எப்படி?"

டீச்சர் இரண்டு நிமிஷம் வாதாடினார். நியாயத்தைச் சொன்னார், மாட்டிக்கொண்டால் ஸ்டோர் ரூம்கூடக் கிடைக்காது என்றார். "ட்ரெய்னர் நீயா, நானா?" என்று கேட்டார் இன்பசேகரன். உடனே டீச்சர், "சரி, சொல்லுங்க, எழுதுறேன்" என்று பேப்பரை எடுத்தார். இருபத்தேழு வருஷக் குடும்ப வாழ்க்கையில், டீச்சர் அவ்வளவு சீக்கிரம் 'சரி' என்று சொன்ன நாட்களில் என்னென்ன நடந்தது என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்திருக்கலாம். பயத்தில் இருக்கிற மனிதருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

அவருடைய கையெழுத்தை ஒரு வாரம் கழித்து அவராலேயே படிக்க முடியாது என்பதால் எழுத்து வேலை எப்போதும் டீச்சருடையதுதான். இவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொன்னார். "ஒண்ணு: மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஆட்கள் வராவிட்டால் என்ன செய்வது? ரெண்டு: விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்." டீச்சர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். மடித்தார். பின் அடித்தார். வெளியே நம்பர் போட்டு பிஸ்கட் டப்பாவில் அடுக்கினார்.

"ஒரு தடவை சரிபாக்கட்டுமா?"

"பின்னு அடிச்சாச்சு. என் எழுத்துல பிழை வருமாக்கும்?"

வராது. அதனால் அவர் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது டீச்சர் இரண்டு கைக்குட்டை கொடுத்தார்.

"சிக்னலுக்கு ஒண்ணு போதுமே?"

"சிக்னலுக்கு ஒண்ணு. வேர்வைக்கு ஒண்ணு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க."

இரண்டையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அழகர்கோவில் மலையடிவாரத்தில் ஒரு பயிற்சி மையம். ஜன்னலுக்கு வெளியே மரம், மரத்தில் குரங்கு. ஒன்பது மணிக்கே இருபத்து நான்கு பேரையும் கூட்டி, சீட்டைக் கொடுத்து, கைக்குட்டை விவரத்தை மூன்று தடவை சொன்னார். ஒன்றாம் நம்பர் கொட்டாம்பட்டிப் பக்கம் வேலை பார்க்கிற செல்லக்கிளிக்கு. இரண்டாம் நம்பர் டி. கல்லுப்பட்டி கண்ணுச்சாமிக்கு, ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிற மனிதர். கடைசி நம்பர் முருகம்மாளுக்கு. முருகம்மாள் எதையும் சத்தமாகத்தான் சொல்லும், அதனால் முடிவுரை.

"சார், தப்பா எதுவும் ஆயிராதே?" என்றாள் செல்லக்கிளி.

"சீட்டுல என்ன இருக்கோ அதச் செய்ங்க. அம்புட்டுத்தான்."

பத்து மணிக்கு மெர்வினோடு ஜெனிஷா மேடம் வந்தார். சின்ன வயது. கும்பிட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். அறிமுகமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சிக்னல் கொடுக்க வேண்டியதுதான் என்று எழுந்தார். வாய் அதுபாட்டுக்குப் போனது.

"ரெண்டாயிரத்து மூணாம் வருஷம் ஒரு ஓட்டைச் சைக்கிள எடுத்துக்கிட்டு..."

கடைசி வரிசையில் மெர்வின் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் இவருக்குக் குப்பென்று வியர்த்தது. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

செல்லக்கிளி எழுந்தாள்.

சீட்டைப் பிரித்தாள். படித்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"சார், இதுல உள்ளபடியே செய்யலாமா?"

கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று கேட்பதற்கு இவ்வளவு தயக்கமா? மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்பசேகரன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "தாராளமாச் செய்யும்மா. இங்க எல்லாருக்கும் சுதந்திரம் உண்டு."

"அப்ப தள்ளுங்க சார்."

அவருடைய நாற்காலியை இழுத்துப்போய் ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள்.

"இதுல உக்காருங்க. நாங்க முடிக்கிற வரைக்கும் நீங்க திரும்பவும் கூடாதாம், பேசவும் கூடாதாம்."

"யாரு சொன்னது?"

"நீங்கதான் சார் எழுதியிருக்கீக. 'சார் சைக்கிளை எடுத்ததும்'னு போட்டிருக்கே."

இன்பசேகரன் வாயைத் திறந்தார். பின்னாலிருந்து ஜெனிஷா மேடத்தின் குரல் வந்தது. "ஓ, ட்ரெய்னரே சேரைத் திருப்பிக்கிற மெத்தடா? சூப்பர் சார்! இதை இங்க எதிர்பார்க்கலை."

திறந்த வாயை மூடி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். எதிரே கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு குரங்கு உட்கார்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தது.

பின்னால் நாற்காலிகள் வட்டமாக இழுபட்டன. செல்லக்கிளி பேசத் தொடங்கினாள். "சொதப்புன வேலை ஒண்ணச் சொல்லணுமாம். சொல்றேன். ரெண்டு வருஷமா மூணு மணிக்குக் குழுக் கூட்டம் போடுறேன். ஒரு பொம்பள வரல. நூறு நாள் வேலைய முடிச்சு வந்து அப்பத்தான் அவுக உலை வைப்பாக. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் மூணு மணிக்குப் போட்டேன்னா, நாலரை பஸ்ஸ விட்டா எனக்கு ஏழு மணிக்குத்தான் பஸ்ஸு."

அமைதி. இருபத்திரண்டு வருஷமாக எதற்குப் பயந்தாரோ அதே அமைதி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. மேடம் எழுந்து போய்விடுவாரா? மெர்வின் மறுபடி கண்ணை மூடியிருப்பாரா? பின்கழுத்தில் வியர்வை ஓடியது. கைக்குட்டையால் துடைத்தார்.

கண்ணுச்சாமி எழுந்தார். பின்னைப் பிய்க்கிற சத்தம். எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தார். "புத்திமதி சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கவும்."

இன்பசேகரனுக்கு உச்சந்தலை ஜில்லென்றது. இந்த வாக்கியத்தை அவர் எழுதச் சொல்லவில்லை. ஆனால் தினமும் வீட்டில் கேட்கிறார். இனி இருபத்திரண்டு சீட்டு பாக்கி. அவற்றில் என்ன இருக்கிறதோ, கர்த்தருக்கும் டீச்சருக்கும்தான் வெளிச்சம்.

"ஏம்மா, நீ கூட்டம் போடாத நாள்ல அந்தப் பொம்பளைக எங்கிட்டுக் கூடுவாக?" என்று கேட்டார் கண்ணுச்சாமி.

"கொழாயடியில."

"நான் கூட்டமே போடுறதில்ல!" முருகம்மாளின் குரல் நம்பருக்காகக் காத்திருக்கவில்லை. "கொடத்தத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னுருவேன். தண்ணி பிடிச்சு முடியிற வரைக்கும் யாரும் எங்கிட்டும் போக முடியாதுல்ல?"

"நீ அந்த ஊரே இல்லையே, உனக்கு எதுக்குக் கொடம்?" என்றார் கண்ணுச்சாமி.

"வெறுங்கையோட போனா ஆபீசருன்னு நெனச்சு வாயத் தொறக்க மாட்டாக. கொடம் இருந்தா நாத்தனாகிட்டப் பேசுற மாதிரி பேசுவாக."

கூடம் சிரித்தது. செல்லக்கிளி நோட்டில் எழுதுகிற சத்தம் கேட்டது. இன்பசேகரனின் பயிற்சியில் யாரும் சொல்லாமலே நோட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. அதைத் திரும்பிப் பார்க்க முடியாமல் அவர் குரங்கைப் பார்த்தார். பதற்றத்தில் மறுபடி துடைத்தார். அடுத்த நம்பர் எழுந்தது. துடைத்தார். அதற்கடுத்தது.

அப்புறம் கண்ணுச்சாமி தன் கதையைச் சொன்னார். "எங்க ஏரியாவுல நாப்பது கழிப்பறை கட்டிக் குடுத்தோம். அத்தனையும் பயன்பாட்டில் உள்ளதுன்னு ரிப்போர்ட் எழுதினேன். முப்பத்தெட்டுல ஆடு இருக்கு."

"மிச்சம் ரெண்டுல?"

"வெறகு."

இன்பசேகரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நிதி கொடுக்கிறவரின் முன்னாலேயே சொல்லிவிட்டான் மனுஷன்! முடிந்தது. ஸ்டோர் ரூமும் போச்சு. நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. மேடம் கிளம்புகிறார்.

கிளம்பவில்லை. சத்தம் பக்கத்தில் வந்து வட்டத்துக்குள் நின்றது. "அண்ணே, பதினஞ்சு வருஷமா எங்க ஆபீஸுக்கு ரிப்போர்ட் வருது. ஆட்டைப் பத்தி யாருமே எழுதினதில்லை" என்றார் ஜெனிஷா மேடம். "ஏன் ஆட்டைக் கட்டுனாங்க? சொல்லுங்க, எனக்குத் தெரியணும்."

இருபது பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

பதினேழாம் நம்பர் சீட்டைச் செல்லக்கிளிக்குப் பக்கத்திலிருந்த பெண் படித்தாள். "சாருக்கு முன்னால் சொல்ல முடியாததைச் சாருக்குப் பின்னால் சொல்லுங்கள்."

பிறகு கண்ணுச்சாமி தொண்டையைக் கனைத்தார். "சாருகிட்ட நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறது."

பெரிய சிரிப்பு. இன்பசேகரன் திரும்ப முயன்றார். "சார், திரும்பாதீங்க!" என்று நாலைந்து குரல். திரும்பவில்லை. குரங்கு மட்டும் அவர் முகத்தைப் பார்த்தது.

"ஆனா ஒண்ணு," என்றாள் செல்லக்கிளி. "நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு ரிப்போர்ட் எழுதத் தெரியாம பாத்ரூமுக்குள்ள போய் அழுதேன். சாருதான் பக்கத்துல உக்கார வச்சு, நான் சொல்லச் சொல்லக் கேட்டு, என்னையவே எழுத வச்சாரு. அன்னிக்குச் சைக்கிளே வரல. மைக்குக் குடுத்தாத்தான் சாரு கெட்டுப்போறாரு."

இந்தத் தடவை அவர் துடைத்தது கழுத்தை இல்லை. ஆனாலும் அடுத்த நம்பர் எழுந்துவிட்டது.

ஒன்றரை மணிக்குச் சமையல்காரம்மா வந்து எட்டிப் பார்த்தார். "சோறு ஆறுது, யாரும் வரலையே?" யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் இன்பசேகரன் இருபத்து மூன்று தடவை துடைத்திருந்தார். ஒரு கைக்குட்டை நனைந்து இரண்டாவதும் நனைந்திருந்தது.

கடைசியில் மேடமே எழுந்து வந்து அவருடைய நாற்காலியைத் திருப்பினார். "சார், நான் பார்த்ததிலேயே நல்ல செஷன். இவ்வளவு அழகாத் திட்டம் போட்டது யாரு?"

இருபத்து நான்கு முகங்களும் அவரைப் பார்த்தன. மெர்வின் பார்த்தார். இன்பசேகரன் ஒரு கணம் டீச்சரை நினைத்தார். அடுத்த கணம் ஸ்டோர் ரூமை நினைத்தார்.

"நான்தான் மேடம்," என்றார். "ரெண்டு நாளா உக்காந்து யோசிச்சது. முழுக்க முழுக்க நம்ம அனுபவம்."

சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

முருகம்மாள் எழுந்தாள். கடைசிச் சீட்டைப் பிரித்துப் படித்தாள். எதையும் சத்தமாகச் சொல்கிறவள், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் கொடுத்தாள். சீட்டு கைமாறி வட்டத்தைச் சுற்றி வந்தது. மேடமும் வாங்கிப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். மெர்வின் படித்துவிட்டு முகட்டைப் பார்த்தார். முருகம்மாள் கைதட்டத் தொடங்கினாள். கூடமே எழுந்து நின்று தட்டியது. ஒரு முகத்திலாவது சிரிப்பில்லை. ஜெபக் கூட்டத்தில்கூட அப்படி ஒரு பயபக்தியை இன்பசேகரன் கண்டதில்லை. நெஞ்சில் கை வைத்துக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

"ஸ்டோர் ரூம் பேச்சே இனி இல்லண்ணே," என்றார் மெர்வின், இன்னும் முகட்டைப் பார்த்தபடி. "மாசா மாசம் நீங்களே நடத்துங்க. இதே மாதிரி."

செல்லக்கிளி பிரித்த சீட்டுகளையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி அவர் பையில் வைத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்குக் கோபம் வந்தது. கட்டிய புருஷன் சொன்னதை எழுதாமல் தன் இஷ்டத்துக்கு எழுதுவதாவது? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும். தல்லாகுளம் வந்தபோது, சண்டை போட்டால் நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டி வருமே என்று பட்டது. வீட்டுப் படியேறும்போது, ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிடுவதே குடும்பத் தலைவனுக்கு அழகு என்று முடிவு செய்திருந்தார்.

"எப்படிப் போச்சு?" என்றார் டீச்சர், டீயை நீட்டி.

"என் திட்டப்படி போச்சு. வேலைக்குப் பயமில்ல. இனி மாசா மாசம் நான்தான்."

"தோத்திரம்." டீச்சர் நிஜமாகவே பெருமூச்சு விட்டார். நாலு நாளாக அவரும் பயந்துகொண்டுதான் இருந்தார் என்பது அந்த மூச்சில் தெரிந்தது. பிறகு பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து, பிரித்த சீட்டுகளை எண்ணினார். "கை தட்டினாகளா?"

"ரெண்டு நிமிஷம்! எந்திரிச்சு நின்னு!"

"யாராச்சும் சிரிச்சாகளா?"

"ஒருத்தர் சிரிக்கலையே! அம்புட்டு மரியாதை!"

"நல்ல புள்ளைக," என்று மெச்சிக்கொண்டே டீச்சர் ஒரு சீட்டை அவர் கையில் வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போனார். உள்ளே போனதும் பாத்திரம் உருண்டதா, சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது.

இன்பசேகரன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிழையில்லாத, அழகான கையெழுத்து:

'24. எல்லாம் என் யோசனைதான் என்று சார் சொல்வார். யாரும் சிரிக்காமல் எழுந்து நின்று கைதட்டவும்.'